ஆண்டின் சிறந்த விளையாட்டாளர் யார்? தங்கத்தின் எடையும் களத்தின் ஆழமும்

மலேசியாவின் தேசிய விளையாட்டு விருதுக்கு முன்மொழியப்பட்டவர்களின் பெயர்கள் நாளேடுகளில் வெளிவரத் தொடங்கியதும், யாருக்குக் கொடுப்பது நியாயம் என்ற வாதம் நாடு முழுவதும் கிளம்பிவிடுகிறது. எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று தோட்டங்கள் சூழ வளர்ந்த சுங்கை சிப்புட் பட்டணத்தில் அந்த வாதத்துக்குச் சூடு சற்று அதிகம். பள்ளித் திடலில் ஓடியவர்களும் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் ஆடியவர்களும் இங்கே ஏராளம் என்பதால், விளையாட்டைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லாமல் தேநீர்க் குவளையைக் கீழே வைப்பவர் குறைவு. ஆனால் வாதம் பெரும்பாலும் முடிச்சாகவே முடிகிறது. ஒருவர் அந்த ஆண்டின் பதக்கத்தைக் கணக்கிடுகிறார், மற்றொருவர் இருபது ஆண்டு உழைப்பைக் கணக்கிடுகிறார், மூன்றாமவர் தம் மனத்தைத் தொட்டவர் யார் என்று பார்க்கிறார். மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். விருது எதை அளக்கிறது என்பது தெளிவாகாதவரை, யாருக்கு என்பதில் உடன்பாடு வராது.

இந்த விருது 1966இல் தொடங்கியது. ஆண்களில் ஒருவருக்கும் பெண்களில் ஒருவருக்கும் ஆண்டின் சிறந்த விளையாட்டாளர் என்ற தகுதி வழங்கப்படுகிறது. காலப்போக்கில் பாராலிம்பிக் வீரர்கள், வீராங்கனைகள், சிறந்த அணிகள், பயிற்றுநர்கள் என்று பிரிவுகள் கூடின. இளைஞர் விளையாட்டு அமைச்சும் தேசிய விளையாட்டு மன்றமும் விருதை நடத்துகின்றன. ஒவ்வொரு விளையாட்டின் தேசியச் சங்கமும் தன் வீரர்களை முன்மொழிய, தேர்வுக் குழு அவர்களுள் ஒருவரைத் தெரிவு செய்கிறது. முதலாம் ஆண்டில் இவ்விரு தகுதிகளையும் பெற்றவர்கள் மணி ஜெகதீசனும் எம். ராஜமணியும். இருவரும் தமிழர்கள், இருவரும் ஓட்டக்காரர்கள். அவ்வாண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ராஜமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த ஆண்டில் யாருக்கு என்று வாதிட்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

வாதத்துக்கு உண்மையிலேயே இடமளிப்பது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரில் அரையிறுதி வரை ஓடினார். பதக்கம் இல்லை. இறுதி ஓட்டத்திலும் இடம் இல்லை. ஆனால் அங்கே அவர் ஓடிய 20.92 விநாடி தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது; 2017இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் ஓடி அதைத் தாண்டினார். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்த மெல்லிய காற்று குறுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்குச் சாதகம் என்று சொல்லிக் குறைக்கலாம். அந்தச் சாதகம் அங்கே ஓடிய எல்லோருக்கும் கிடைத்தது, உலகத்தின் மிக வேகமானவர்களுக்கு நடுவில்தான் அவர் அரையிறுதிக்குள் நுழைந்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பேங்காக்கின் மூன்று தங்கம் பெரிதா, மெக்சிகோவின் வெறுங்கை பெரிதா? பதக்கப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பளிப்பவருக்கு இது ஒரு கேள்வியே அல்ல. ஓட்டத்தை அறிந்தவருக்கு இதுதான் முதல் கேள்வி.

இங்கிருந்தே என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விருதைத் தீர்மானிக்க வேண்டியது, அந்த ஆண்டில் அவர் யாரை எதிர்த்து நின்று வென்றார் என்பதே. பதக்கத்தின் நிறமும் போட்டியின் பெயரும் அதற்கு உதவும் குறிப்புகள் மட்டுமே. சில சமயம் அவை தவறாகவும் வழிகாட்டும்.

தவறாக வழிகாட்டும் என்பதற்குத் தென்கிழக்காசியாவின் சீ விளையாட்டுப் போட்டி எளிய சான்று. எந்தெந்த விளையாட்டுகளைச் சேர்ப்பது என்பதில் நடத்தும் நாட்டின் கை ஓங்கியிருக்கும். 2017இல் கோலாலம்பூரில் நடந்தபோது மலேசியா 145 தங்கம் வென்று முதலிடத்தில் நின்றது. இரண்டே ஆண்டுகள் கழித்துப் பிலிப்பைன்ஸில் நடந்தபோது அந்த எண்ணிக்கை பாதியைக்கூட எட்டவில்லை. இரண்டு ஆண்டுகளில் நம் வீரர்களின் திறமை அப்படிக் கரைந்துபோகவில்லை. போட்டி நடந்த ஊரும் பட்டியலும் மாறின. சீ தங்கத்தை வென்றவரின் உழைப்பை இது குறைக்காது. ஆனால் அந்தத் தங்கத்தை எண்ணிக்கையாக மட்டும் எடுத்து விருதுத் தராசில் வைப்பவர், எதை நிறுக்கிறோம் என்று அறியாமல் நிறுக்கிறார்.

இதைவிடக் கூர்மையான சான்று நம்மவர் வாயில் அடிக்கடி அடிபடும் இரண்டு பெயர்களிடம் இருக்கிறது. தீனா முரளிதரனும் பெர்லி டானும் 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் பெண்கள் இரட்டையர் பூப்பந்தில் (பேட்மிண்டன்) தங்கம் வென்றார்கள். செய்தி பரவியது, வாழ்த்துகள் குவிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் பிரெஞ்சுப் பொதுப் பட்டத்தையும் வென்றார்கள். இறுதியில் ஜப்பானின் மாயு மட்சுமோட்டோ, வகானா நாகாஹாரா இணையை வீழ்த்தினார்கள். அந்த இணை முன்னர் உலக வெற்றியாளர் பட்டம் சூடியது. காமன்வெல்த் களத்தில் சீனா இல்லை, ஜப்பான் இல்லை, கொரியா இல்லை, இந்தோனேசியாவும் இல்லை. பெண்கள் இரட்டையர் பூப்பந்தை ஆளும் நாடுகள் அவைதாம். பாரிஸில் அவை எல்லாம் இருந்தன. ஆக, நாம் ஆரவாரத்தோடு கொண்டாடிய வெற்றி எளிய களத்தில் வந்தது. பலர் கவனிக்காமலே விட்ட வெற்றி கடினமான களத்தில் வந்தது.

இதே கணக்கைச் சுவர்ப்பந்துக்கு (ஸ்குவாஷ்) போட்டுப் பார்த்தால் சிவசங்கரி சுப்பிரமணியம் பற்றிய வாதம் தெளிவாகும். 2022 ஜூனில் நேர்ந்த கார் விபத்தில் காயமுற்று, அவ்வாண்டுக் காமன்வெல்த் போட்டியை இழந்தவர் அவர். மீண்டு வந்து, 2023இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் பெண்கள் ஒற்றையரில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு, உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒன்றான லண்டன் கிளாசிக்கின் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். இவ்விரண்டில் எது பெரிது என்ற பேச்சு சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை ஒன்றில் என் காதுபட நடந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரியின் ஓட்டுநர் ஒருவர், முன்னாலிருந்த ரொட்டிச் சானாயைக் கிழித்துக்கொண்டே, "சார், ஆசியத் தங்கம்னா நாட்டுப் பாட்டு போடுவான், கொடி ஏத்துவான். லண்டன்ல என்ன ஏத்துனான்?" என்று கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நிதானமாகச் சொன்னார்: "கொடி ஏறலதான் தம்பி. ஆனா ஆசியப் போட்டியில எகிப்துக்காரி ஒருத்திகூட கிடையாது. லண்டன்ல அத்தனை பேரும் இருந்தாளுங்க."

ஆசிரியர் சொன்னதில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. பெண்கள் சுவர்ப்பந்தின் உச்சியில் எகிப்து நாட்டவர் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். எகிப்து ஆப்பிரிக்க நாடு என்பதால் ஆசியக் களத்துக்கு அவர்கள் வருவதில்லை. ஆகவே, தனி வீராங்கனையின் சாதனையாக எடுத்துக்கொண்டால் லண்டன் பட்டம் ஆசியத் தங்கத்தைவிடக் கனமானது. ஓட்டுநரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்க முடியாது. விருதின் பெயரிலேயே தேசம் இருக்கிறது. தேசத்தின் பெயரால் ஆடிய போட்டிக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அது அபத்தமல்ல. அப்படிக் கூடுதல் மதிப்புத் தருவதானால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பதே என் வாதம். ஆளைப் பார்த்த பிறகு அளவுகோலை நீட்டுவதும் சுருக்குவதும்தான் சந்தேகத்துக்கு விதை போடுகிறது.

களத்தின் ஆழத்தைப் பார்ப்பது எப்போதும் பதக்கத்தைச் சிறுமைப்படுத்துவதில் முடியும் என்று எண்ண வேண்டாம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவின் முதல் தங்கம் அது. உலக அளவில் அந்தத் தொலைவில் சிறந்தவர்கள் பலர் காமன்வெல்த்துக்கு வெளியே ரஷ்யா, போலந்து போன்ற நாடுகளில் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தடகளம் காமன்வெல்த்தின் மிகக் கனமான பிரிவு, நம் நாடு அதுவரை அங்கே தங்கத்தைத் தொட்டதே இல்லை, நம் வெயிலில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக விதி பிசகாமல் நடந்து முடிக்க வேண்டிய பந்தயம் அது. ஒரு கால் தரையில் இருந்தே ஆக வேண்டும், முன்கால் தரையைத் தொட்டதும் முழங்கால் வளையக் கூடாது, மீறினால் நடுவர்களின் சிவப்பு அட்டைகள் சேர்ந்து ஆளை வெளியேற்றிவிடும். இதையெல்லாம் அறிந்தவர் எடைபோட்டால்தான் அந்தத் தங்கத்துக்கு உரிய எடை கிடைக்கும். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு அந்தப் பந்தயமே ஒலிம்பிக் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இன்றைய இளைஞர்களுக்கு அதன் கடுமையை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆண்டு என்ற சொல்லே சிக்கலாகிவிட்ட காலமும் உண்டு. 2020 டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தது. 2022 ஹாங்ஜோ ஆசியப் போட்டி 2023 செப்டம்பர், அக்டோபரில் நடந்தது. நடந்த தேதியை வைத்தே கணக்கிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டு வெறும் ஒப்பந்தச் சடங்கு.

நீண்ட காலச் சாதனையின் பிரச்சினை இதைவிட ஆழமானது. சுவர்ப்பந்து வீராங்கனை நிக்கோல் டேவிட் எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனார். 2006 முதல் 2015 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர் இருக்கும்வரை மற்றப் பெண்களுக்கு விருது பெரும்பாலும் எட்டாக்கனிதான். பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளி வென்றார்; ஆண்களில் அவர் நிலையும் அதுவே. இவர்களே மீண்டும் மீண்டும் பெற்றால் விருதுக்குச் சுவை என்ன, புதியவர்களை ஊக்குவிக்க வேண்டாமா என்று கேட்பவர்களை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறோம். தைப்பூச உபயத்தை ஆளுக்கொரு நாள் பங்கிட்டுக்கொள்வது போல இதையும் பங்கிடலாம் என்பது அவர்கள் எண்ணம். உபயத்தில் அது முறை. விருதில் அது வென்றவரை அவமதிப்பது, கிடைத்தவரையும் அவமதிப்பது. முதலிடத்தில் இருப்பவர் முதலிடத்தில் இருக்கும்வரை பெறட்டும். வாழ்நாள் உழைப்பைப் போற்ற வேண்டுமானால் அதற்கென்று தனி மரியாதைகள் இருக்கின்றன; ஆண்டு விருதை அதற்குக் கடன் கேட்கக் கூடாது.

அதே நியாயப்படி, சிவசங்கரியின் மீட்சி எவ்வளவு நெகிழ வைத்தாலும் விருதுக்குரிய காரணமாக அதைச் சேர்க்க நான் தயங்குவேன். துன்பத்தை அளக்கத் தேர்வுக் குழுவிடம் கருவி இல்லை. கழுத்துக் காயத்தையும் ஏழ்மையையும் தாயை இழந்த சோகத்தையும் எந்த வரிசையில் வைப்பது? இரண்டு பேரின் ஆட்டச் சாதனை சரிசமமாக நிற்கும் அரிய நிலையில் அதைப் பார்க்கலாம். சிவசங்கரிக்கு அந்த இரக்கம் தேவையும் இல்லை, அவருடைய மட்டையே போதும்.

இரட்டையர் ஆட்டம் தேர்வுக் குழுவுக்கு எப்போதும் தலைவலி. தீனாவும் பெர்லியும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார்கள். 2025 உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளி வென்றார்கள். ஆண்களில் ஆரோன் சியா, சோ வூய் யிக் இணை 2022இல் உலகப் பட்டம் வென்று, பூப்பந்தில் நாட்டின் முதல் உலக வெற்றியாளர்கள் ஆனது. இவர்கள் தனிநபரா, அணியா? அணிப் பிரிவில் தள்ளினால் பதினொரு பேர் கொண்ட காற்பந்துக் குழுவோடு இருவரை ஒப்பிட வேண்டியிருக்கும். தனிநபர் பிரிவில் வைத்தால் இருவரில் யார் பெயரைச் சொல்வது? இந்தியா தன் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவை 2023க்குச் சாத்விக்சாய்ராஜ் ராங்கிரெட்டி, சிராக் ஷெட்டி என்ற பூப்பந்து இணைக்கு, இருவருக்கும் தனித்தனியாக வழங்கி இதைத் தீர்த்தது. அங்கே ஓராண்டில் பலருக்கு வழங்கும் வழக்கம் இருப்பதால் அது எளிதாயிற்று. நம் நாட்டில் ஒருவருக்கே என்ற கட்டுப்பாடு இருக்கும் இடத்தில், இணையை ஒரே பெயராகக் கருதி விருதை இருவருக்கும் கூட்டாக வழங்குவதே பொருத்தம். பெர்லி இல்லாமல் தீனாவின் வலைமுன் ஆட்டம் இல்லை, தீனா இல்லாமல் பெர்லியின் பின்கள அடிக்குப் பயன் இல்லை. நம்மவர் என்பதற்காகத் தீனாவின் பெயரை மட்டும் தூக்கிப் பிடிப்பவர்கள் அவருக்கே நன்மை செய்யவில்லை.

பாரா வீரர்களின் நிலையைப் பற்றி நாம் பேசும் அளவு மிகவும் குறைவு. 2016ஐ எடுத்துக்கொள்வோம். ரியோ ஒலிம்பிக்கில் மலேசியா நான்கு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றது. லீ சோங் வெய்யின் வெள்ளி, கெய்ரின் என்ற மிதிவண்டிப் பந்தயத்தில் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் வெண்கலம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அடுத்த மாதம் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் முகமட் ரிட்சுவான் புசி, முகமட் சியாட் சொல்கெஃப்லி, அப்துல் லத்திஃப் ரொம்லி ஆகிய மூவரும் தங்கம் வென்றார்கள். பாராலிம்பிக் வரலாற்றில் நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கங்கள் அவை. நீளம் தாண்டுதலில் லத்திஃப் ஒரே போட்டியில் தம் பிரிவின் உலகச் சாதனையை மூன்று முறை முறியடித்தார். கடைசித் தாண்டல் 7.60 மீட்டர். ஒலிம்பிக்கில் மலேசியாவுக்கு, பாரிஸ் வரை சேர்ந்த 15 பதக்கங்களில் ஒரு தங்கமும் கிடையாது.

அரசாங்கத்தின் வெகுமதித் திட்டம் இந்த இருவகை வீரர்களையும் ஒன்றாகவே நடத்துகிறது. ஒலிம்பிக் தங்கத்துக்கு அறிவிக்கப்பட்ட ஒரு மில்லியன் ரிங்கிட் ரியோவில் வென்ற பாரா வீரர்களுக்கும் கிடைத்தது. பணத்தில் ஒன்றாக நடத்தும் அரசு, பட்டத்தில் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. தனிப் பிரிவு இருப்பதால் பாரா வீரர் ஒருவருக்கு ஆண்டுதோறும் மேடை உறுதியாகிறது என்பது நன்மை. அதுவே, பொதுப் பட்டத்துக்கு அவர்கள் பெயர் எழாமல் போகவும் காரணமாகிறது. என் அளவுகோலைப் பிசகாமல் வைத்தால், தம் பிரிவின் உலகத்திலேயே சிறந்தவர் தாமே என்று மூன்று முறை மெய்ப்பித்தவரை 2016இன் பொதுப் பட்டத்துக்கும் எடைபோட்டிருக்க வேண்டும். சில பாராப் பிரிவுகளில் போட்டியாளர்கள் குறைவு என்ற எதிர்வாதம் சரியானதே. அதையும் பிரிவு பிரிவாகப் பார்த்துச் சொல்லலாம், ஒட்டுமொத்தமாக ஒதுக்கத் தேவையில்லை. 2019இல் பாரா வில்வித்தையில் உலக வெற்றியாளரான எஸ். சுரேஷை நம் பட்டணங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி, தோட்டப்புறத்தில் இந்த வாதம் வந்து நிற்கும் இடத்துக்கு வருவோம். தொடக்க ஆண்டிலேயே இரண்டு பட்டமும் நம்மவருக்குக் கிடைத்ததே, பிறகு ஏன் நம் பெயர்கள் குறைந்தன என்ற கேள்வி எழாத மேசை இல்லை. பெரும்பாலோர் உடனே தேர்வுக் குழுவின்மீது பாய்கிறார்கள். அந்தக் கோபத்துக்கு வரலாறு இருக்கிறது, அதை நான் இகழ மாட்டேன். ஆனால் காரணங்களைத் தேர்வு மேசைக்கு முன்னதாகவே, பட்டியல் உருவாகும் இடத்தில் தேட வேண்டும்.

முதற்காரணம், நம்மவர் மின்னிய விளையாட்டுகளில் பல குழு விளையாட்டுகள். 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா நான்காம் இடம் பெற்றபோது அந்தக் குழுவில் தமிழ்ப் பெயர்கள் பல. காற்பந்தில் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை அறியாத மலேசியர் அக்காலத்தில் இல்லை. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் தூண் அவர், அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்ததால் போகாமலே நின்றார். கோல்காவலர் ஒருவரின் ஆண்டை எப்படி அளப்பது? வாங்காத கோல்களை எண்ணும் பட்டியலா இருக்கிறது? தனிநபர் பட்டம் என்பது இயல்பாகவே விநாடியிலும் மீட்டரிலும் தரவரிசையிலும் அளக்கக்கூடிய விளையாட்டுகளின் பக்கம் சாய்கிறது.

இரண்டாவது, அளக்கக்கூடிய விளையாட்டுகளிலும் களம் மாறிவிட்டது. ஓட்டத்துக்குத் திடல் போதும், தோட்டத்தில் திடல் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் ஆயின, லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் பெயர்ந்தன. சில இடங்களில் பள்ளி மட்டும் மிஞ்சியது; அதன் திடலில் மாலை நேரத்தில் ஓடப் பிள்ளைகள் அருகில் இல்லை, பள்ளி வேன் நாலு மணிக்குள் கிளம்பிவிடும். இன்று உலக உச்சியில் நம் நாடு நிற்கும் விளையாட்டுகள் பூப்பந்து, சுவர்ப்பந்து, மிதிவண்டி, முக்குளிப்பு. இவற்றுக்கு உள்ளரங்கம், ஓடுபாதை, தாவுமேடை, தனிப்பயிற்சி என்று செலவு நீள்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வாரத்தில் நான்கு மாலை ஒரு பிள்ளையைச் சுவர்ப்பந்துக் கூடத்துக்கு ஏற்றிச்சென்று இறக்குவதற்கு ஒரு பெற்றோர் வேலையைப் பாதியில் விட வேண்டும். இதையும் மீறி வந்தவர்கள்தாம் சிவசங்கரியும் தீனாவும். அவர்கள் பெயர் பட்டியலில் இருப்பது நமக்குப் பெருமை, பக்கத்தில் வேறு பெயர்கள் இல்லாதது நமக்குக் கவலை.

மூன்றாவது, முன்மொழிவு என்ற வாயில். சங்கம் படிவத்தை நிரப்பாவிட்டால், அல்லது பாதி நிரப்பினால், உள்ளே ஆள் இல்லை. பெரிய சங்கங்களுக்கு அலுவலகம் உண்டு, எழுத ஆள் உண்டு. சிறிய சங்கங்களில் செயலாளர் வேலை முடிந்து வந்து இரவில் எழுதுகிறார். இந்தியாவில் 2024இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீராங்கனை மனு பாக்கரின் பெயர் கேல் ரத்னா பரிந்துரைப் பட்டியலில் முதலில் இல்லை என்ற செய்தி வெளிவந்து நாடே அதிர்ந்தது; விண்ணப்பத்தில் தம் பக்கம் ஏதோ விடுபட்டிருக்கலாம் என்று அவரே எழுதினார்; பின்னர் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட நால்வரில் அவரும் இடம்பெற்றார். ஒலிம்பிக் மேடையில் இரண்டு முறை ஏறியவருக்கே படிவத்தில் சிக்கல் வரும் என்றால், கராத்தே, கபடி, பாரா வில்வித்தை என்று ஒதுக்குப்புற விளையாட்டுகளில் ஆடுவோரின் கதி என்ன? தேர்வுக் குழு, வந்த படிவங்களை மட்டும் பார்க்காமல், தானாகவே பெயர்களை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு செயல்பட வேண்டும். தேர்ந்தெடுத்தபின் ஒவ்வொரு இறுதிப் போட்டியாளரைப் பற்றியும் நான்கு வரிகளில் காரணத்தை எழுதி வெளியிட்டால், இனத்தின் பெயரால் எழும் சந்தேகங்களில் பாதி அன்றே அடங்கும். மீதிப் பாதியோடு நேருக்கு நேர் வாதிடலாம்.

சுவர்ப்பந்து 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருப்பதால், நிக்கோலுக்குக் கிடைக்காத மேடை சிவசங்கரியின் தலைமுறைக்குத் திறந்திருக்கிறது. அதற்கு முன் வரும் 2026இன் கணக்குதான் குழப்பமானது. அவ்வாண்டின் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி செலவைக் குறைக்கப் பத்து விளையாட்டுகளோடு சுருக்கப்பட்டது. பூப்பந்து அதில் இல்லை, சுவர்ப்பந்து இல்லை, ஹாக்கியும் இல்லை. தடகளம், நீச்சல், மிதிவண்டி, பளுதூக்குதல் போன்றவை இருக்கின்றன. அவ்வாண்டு ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசியப் போட்டியிலோ பூப்பந்தும் சுவர்ப்பந்தும் உண்டு. ஆகவே 2026க்கான விருதுக்குப் புள்ளி போடும்போது, மிதிவண்டி வீரருக்கு இரண்டு பெரிய போட்டிகளின் கட்டங்களும் நிரம்பியிருக்க, பூப்பந்து வீராங்கனைக்கு ஒன்று வெறுமையாக நிற்கும். ஆடவே வாய்ப்பில்லாத போட்டியை யாருடைய கணக்கிலும் குறையாக எழுதக் கூடாது என்பதையும், அந்த இடத்தில் உலகச் சுற்றுப் பட்டங்களை எந்த விகிதத்தில் எடுத்துக்கொள்வது என்பதையும் முன்மொழிவுப் படிவம் சங்கங்களுக்குப் போகும் முன்பே தேர்வுக் குழு விதியாக எழுதி அறிவிக்க வேண்டும்.